பெரட்டுக்களமும் புத்தக அலமாரியும்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் டோவன்பி தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. டோவன்பி என்பது இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள ஒரு சிற்றூர். அதே வட்டாரத்தில் எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளி. தெற்கே சிலிம் ரிவர் பக்கம் போனால் குளூனி தோட்டத் தமிழ்ப்பள்ளி. குளூனி ஸ்காட்லாந்துக்காரர்கள் கொண்டுவந்த பெயர். ஊத்தான் மெலிந்தாங் அருகே ஜெண்டராட்டா. ஏழு வயதுப் பிள்ளைகள் இந்தப் பெயர்களைத் தங்கள் பயிற்சிப் புத்தக அட்டையில் நாள்தோறும் எழுதுகிறார்கள். அவர்களில் ஒருத்தி, ‘டீச்சர், டோவன்பின்னா என்ன? இந்தத் தோட்டத்துக்கு நம்ம ஆளுங்க எப்ப வந்தாங்க?’ என்று கேட்டால், ஆசிரியை எந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பார்?

புத்தகம் இல்லாமல் இல்லை. ஆங்கில அலமாரி நிறைந்தே இருக்கிறது. கெர்னியல் சிங் சந்து 1786 முதல் 1957 வரை மலாயாவுக்கு வந்த இந்தியர்களின் குடியேற்றத்தைக் கணக்குப் பார்த்து எழுதிய பெருநூல் 1969இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்திலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த சின்னப்பா அரசரத்தினம், மலேசியா சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றிய நூலை 1970இல் வெளியிட்டார். அதே ஆண்டில் ரவீந்திர கே. ஜெயின் என்ற மானிடவியலாளர், ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி அங்குள்ள தமிழரின் வாழ்க்கையைக் கவனித்து எழுதிய ஆய்வு வந்தது. தொழிலாளர் லயங்களையும் உறவுமுறைகளையும் கோயில் திருவிழாவையும் அவ்வளவு நுணுக்கமாகப் பதிந்த அந்த நூலில், தோட்டத்தின் உண்மைப் பெயர் இல்லை. ஆய்வு மரபுப்படி அதை மறைத்து, ‘பால் மெலாயு’ என்று புனைபெயர் சூட்டியிருந்தார். ஆய்வு நெறிக்கு அது சரி. ஆனால் அந்தத் தோட்டத்தில் பிறந்தவர் தன் தாய் தந்தையின் கதையைத் தேடி அந்த நூலைத் திறந்தால், தன் ஊரைக் கண்டுகொள்ள வழியில்லை.

பேராக்கைப் பற்றிய வரலாற்று நூல்களும் உண்டு. கூ சல்மா நசூத்தியோனும் அப்துர் ரசாக் லூபிசும் சேர்ந்து எழுதிய கிந்தா பள்ளத்தாக்கு வரலாறு 2005இல் வந்தது. ஈப்போ மருத்துவர் ஹோ தாக் மிங் ஈயம் அரசாண்ட காலத்து ஈப்போவைப் பற்றி எழுதிய நூல் 2009இல் வந்தது. இரண்டையும் வெளியிட்டது ஈப்போவைச் சேர்ந்த பேராக் அகாடமி. ஊரை நேசிக்கும் ஒரு மருத்துவர் தம் ஊரின் கதையை எழுதுகிறார், ஊரிலேயே அதற்கு ஒரு பதிப்பகம் கிடைக்கிறது: இது பெரிய கொடுப்பினை. ஊத்தான் மெலிந்தாங் பக்கம் வந்தால், 1906இல் டேனியரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராட்டா ரப்பர் நிறுவனம் யுனைட்டட் பிளாண்டேஷன்ஸாக வளர்ந்த கதையை சூசன் மார்ட்டின் 2003இல் தனி நூலாகவே எழுதிவிட்டார். கம்பெனிக்கு வரலாறு இருக்கிறது. ஈயத்துக்கு வரலாறு இருக்கிறது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றவர்களின் வரலாறு, அவர்கள் பேசிய மொழியில், அவர்கள் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும், எங்கே?

இந்தக் கேள்வியைப் போர்க்கால நூல்கள் இன்னும் கூர்மையாக்குகின்றன. ஜப்பானியர் ஆட்சிக் காலத்துப் பேராக்கைப் பற்றி உலகம் படித்த புத்தகங்கள் சில உண்டு. பேராக் காடுகளில் கெரில்லாக்களோடு திரிந்த பிரிட்டிஷ் அதிகாரி ஸ்பென்சர் சாப்மன் 1949இல் தம் அனுபவத்தை எழுதினார். சித்தியவானில் பிறந்த கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங் 2003இல் தம் பக்கத்து வரலாற்றைச் சொன்னார். இவர்களுக்கு நடுவில் ஒரு பெண் இருக்கிறார். சிபில் கார்த்திகேசு.

ஈப்போவிலிருந்து சிறிது தொலைவில் உள்ள பாப்பான் என்ற பழைய ஈயச் சிற்றூரில், மெயின் ஸ்திரீட் 74ஆம் எண் கடைவீடு இன்னும் நிற்கிறது. அந்த வீட்டில்தான் சிபில் மருத்துவம் பார்த்தார். பயிற்சி பெற்ற தாதி. கணவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு. காட்டிலிருந்து இரவில் இறங்கிவந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினரின் காயங்களுக்கு அவர் கட்டுப்போட்டார். ‘ஜோசபின்’ என்று செல்லப்பெயர் வைத்த வானொலிப் பெட்டியை ஒளித்துவைத்து, பிபிசி செய்தியைக் கேட்டு அக்கம்பக்கத்தாருக்குச் சொன்னார். 1943இல் ஜப்பானியர் அவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள். சிறு மகளை அவர் கண்ணெதிரே வதைத்து மிரட்டியும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்ததும் சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். பழைய காயங்கள் ஆறாமலே 1948 ஜூன் 12இல் அங்கேயே இறந்தார். அவர் எழுதிவைத்த நினைவுக்குறிப்பு ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற தலைப்பில் 1954இல் லண்டனில் அச்சாயிற்று. பேராக் மண்ணிலிருந்து வந்த தன்வரலாறுகளில் இதற்கு நிகராக ஒன்றைச் சொல்வது கடினம். பேராக்கில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை ஒவ்வொன்றும் படித்திருக்க வேண்டிய நூல் அது.

அந்த வரிசையில் பால்மரம் வெட்டியவர் இல்லை. அவருக்கு நேர்ந்தது சிறியது என்பதால் அல்ல. 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதையைப் போட ஜப்பானியர் கொண்டுபோனவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரம் பேர். அதில் மாண்ட ஆசியத் தொழிலாளர் எண்ணிக்கை, மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளின் எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு. கைதிகள் ஊர் திரும்பி நினைவுக்குறிப்புகளை எழுதிக் குவித்தார்கள். தமிழ்த் தொழிலாளி திரும்பிவந்து வாய்விட்டுச் சொன்னார், பிள்ளைகள் கேட்டார்கள், எழுத்தில் ஏறியது மிகக் கொஞ்சம்.

எழுத்தில் ஏறியபோதும் அது நாவலாகவே ஏறியது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வந்தது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இல் வந்தது. சீ. அருண் அதே பாதையைப் பற்றி வரலாற்று நூல் எழுதியது பிற்பாடுதான். கதை முதலில், வரலாறு பின்னால். மலேசியத் தமிழ் எழுத்தில் இந்த வரிசை தற்செயலாக அமைந்ததில்லை.

அதற்குக் காரணத்தைத் தேடிப் போனால் 1950க்குப் போக வேண்டும். அந்த ஆண்டில் ‘தமிழ் நேசன்’ நாளிதழ் ‘கதை வகுப்பு’ ஒன்றைத் தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதை நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பாடம் சொன்னார்கள், வாசகர்கள் அனுப்பிய கதைகளைப் பார்த்துத் தரம் சொன்னார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு அது அடித்தளமாயிற்று. இரண்டாண்டு கழித்து ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றத்தின் வழியாக இளையோரை எழுதவைத்தது. தோட்டத்துப் பையன் ஒருவன், ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவன், தபாலில் கதை அனுப்பி எழுத்தாளனாக முடிந்தது. அச்சில் தன் பெயரைப் பார்த்த அந்த மகிழ்ச்சி ஒரு தலைமுறையையே எழுதவைத்தது.

‘வரலாற்று வகுப்பு’ என்று ஒன்றை யாரும் நடத்தவில்லை. வயதானவரிடம் எப்படிப் பேட்டி எடுப்பது, சொன்னதை எந்த ஆவணத்தோடு ஒத்துப் பார்ப்பது, செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டையும் பிறப்புச் சான்றையும் எப்படிப் படிப்பது என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையில் இருந்த கருவி கதை. ஆகவே பார்த்ததையும் கேட்டதையும் கதையாக்கினான். மலேசியத் தமிழ் நாவல்களில் வரலாற்றுச் செய்தி நிரம்பிக் கிடப்பதும், மலேசியத் தமிழ் வரலாற்று நூல்கள் விரல்விட்டு எண்ணும்படி இருப்பதும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். நாவலாசிரியர்களைக் குறை சொல்ல இடமே இல்லை. வேறு யாரும் தூக்காத சுமையை அவர்கள் தூக்கினார்கள். ஆனால் நாவலில் வரும் தோட்டத்துக்குத் தேதி இருக்க வேண்டியதில்லை, கங்காணிக்கு உண்மைப் பெயர் இருக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை வேண்டுமானால் இரண்டும் வேண்டும்.

இலங்கை மலையகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இதை வேறு விதமாகவும் செய்திருக்க முடியும் என்பது தெரியும். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை கவிஞர், தொழிற்சங்கவாதி, 1947 நாடாளுமன்றத்தில் உறுப்பினர். அவர் தோட்ட மக்களைப் பற்றி ‘பார்ன் டு லேபர்’ என்ற நூலை 1970இல் எழுதினார். மலைநாட்டு மக்களின் பாடல்களையும் தொகுத்தார். சாரல்நாடன் 1988இல் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் வரலாற்றை எழுதினார். தேயிலைத் தோட்டங்களிலும் வறுமை குறைவில்லை, பள்ளி நன்றாக இல்லை. இருந்தும் அங்கே தொழிற்சங்க மேடையும் எழுத்து மேடையும் ஒன்றாக இருந்தன. சங்கத்தில் பேசியவரே எழுதினார்.

பேராக்கில் அந்த வாய்ப்பு முளையிலேயே வெட்டுப்பட்டது. 1948 ஜூன் 16ஆம் நாள் காலை, சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்ட மேலாளர் ஆர்தர் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொஞ்ச நேரத்தில் அருகிலிருந்த பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசனும் இயன் கிறிஸ்டியனும். சிபில் கார்த்திகேசு இறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவசரகாலம் பிறந்தது. தொழிற்சங்கங்கள் கலைந்தன. பேராக் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நடத்திய ஆர். ஜி. பாலன் சிறைக்குப் போனார். சங்கங்களின் பேரவைத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதத்தில் தூக்கிலிட்டார்கள். சங்கக் குறிப்பேடு வீட்டில் இருந்தாலே ஆபத்து என்ற நாளில் யார் எதை எழுதிவைப்பார்? எல்பில் சம்பவம் அவசரகாலத்தைப் பற்றிய ஆங்கில நூல்கள் பலவற்றில் முதல் அத்தியாயங்களிலேயே வருகிறது. அந்தக் காலையில் அந்தத் தோட்டத்து லயங்களில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவற்றில் தேடினாலும் கிடைப்பது அரிது. அதே சுங்கை சிப்புட்காரரான வீ. தி. சம்பந்தனுக்கு அன்று இருபத்தொன்பதாவது பிறந்தநாள். பின்னாளில் தோட்டத் துண்டாடலுக்கு எதிராக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரையே தோட்ட உரிமையாளராக்கப் பாடுபட்டவர் அவர்.

கல்வி நூல்களின் கதை சற்று வேறு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுள்ள பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். பல இடங்களில் அது கோயிலோரக் கொட்டகை. கணக்கெழுதும் கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் வாத்தியார். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது 520க்குச் சற்று மேல். அவற்றில் 134 பேராக்கில் இருக்கின்றன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. பேராசிரியர் தி. மாரிமுத்து தோட்டப்பள்ளியை ஆராய்ந்து எழுதியதன் சாரம், அந்தப் பள்ளி பிள்ளையைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றுவதற்குப் பதில் அடுத்த தலைமுறைத் தொழிலாளியைத் தயாரித்துக் கொடுத்தது என்பது. கசப்பான முடிவு, ஆனால் ஆதாரத்தோடு வந்தது. அது கல்விமான்களின் ஆங்கிலத் தொகுப்பில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தங்களுக்குள் வாதிட வேண்டிய கருத்து தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறையின் மேசைக்கு வந்து சேரவே இல்லை.

ஈப்போவில் தமிழ்ப் புத்தகம் விற்கும் கடைக்குள் போகிறவருக்கு, கல்வி என்றால் பயிற்சி நூல், எழுத்து என்றால் மாதிரிக் கட்டுரைத் தொகுப்பு. ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இல் ஒழியும் வரை இந்தச் சந்தையைத் தாங்கியது அந்தத் தேர்வு. ‘நான் ஒரு பேனா’, ‘நான் ஒரு புத்தகப்பை’ என்று தன்கதைக் கட்டுரைகளை மனப்பாடம் செய்து வளர்ந்த பிள்ளைகள் ஆயிரமாயிரம். பேனாவின் கதையை எழுதப் பழகிய கைக்குப் பாட்டியின் கதையை எழுதப் பழக்கியிருக்கலாமே என்ற ஆதங்கம் இந்த இடத்தில் வருவது இயல்பு. ‘உன் தாத்தா எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், அவர் காலையில் முதலில் என்ன செய்வார்?’ என்ற ஒரு கேள்வியை ஒவ்வொரு பள்ளியும் ஓர் ஆண்டு கேட்டிருந்தால், பேராக்கின் 134 பள்ளிகளிலிருந்து எவ்வளவு சேர்ந்திருக்கும்!

கல்வி நூல்களை விட்டுத் தத்துவத்தின் பக்கம் வந்தால், அதற்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு யாரும் நினைப்பதைவிட நெருக்கமானது. ரிஷிகேசத்தின் சுவாமி சிவானந்தர் துறவியாகும் முன் பத்தமடை குப்புசாமி என்ற மருத்துவர். 1913இல் மலாயா வந்து நெகிரி செம்பிலானில் ரப்பர் தோட்ட மருத்துவமனையில் பணியாற்றினார், பிறகு ஜொகூரில். 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பியவர் இருநூறுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். மலாயாவில் மருத்துவம் பார்த்த பத்தாண்டுகள் அந்தத் துறவுக்குப் பின்னால் இருக்கின்றன. எதிர்த் திசையில், 1929 கடைசியில் பெரியார் மலாயா வந்தார். ஈப்போவில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் கூட்டிய மாநாட்டைத் திறந்துவைத்தார். சாதி, சடங்கு, கள் பற்றிய விவாதம் தோட்டங்களுக்குள் புகுந்தது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வுத் துறையில் சமஸ்கிருதமா தமிழா என்ற சர்ச்சை எழுந்தபோது, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். தோட்டத் தொழிலாளர் உட்பட எளியவர்கள் கொடுத்த பணம் அது. பால் வெட்டியவர் கொடுத்த வெள்ளியில் ஒரு பல்கலைக்கழகம் தமிழ் நூல் வாங்கியது. தனிநாயகம் அடிகள் அந்தத் துறையிலிருந்துகொண்டே 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார்.

புத்தகத்தை மதிக்காத சமூகம் இப்படிக் கொடுக்காது.

தோட்ட வரலாற்றை எழுதுவதற்கு மூலம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: அது விழா மலர்களில் இருக்கிறது. கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், கட்டட நிதி மலர். எதை எடுத்தாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. முதலில் அமைச்சர் வாழ்த்து, சட்டமன்ற உறுப்பினர் வாழ்த்து, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் வாழ்த்து. கடைசியில் கடை விளம்பரங்கள். இரண்டுக்கும் நடுவில் ‘ஆலய வரலாறு’ அல்லது ‘பள்ளி வரலாறு’ என்று இரண்டு மூன்று பக்கம். அந்தப் பக்கங்களில்தான் இன்ன கங்காணி சூலம் நட்டார், இன்ன ஆண்டில் அத்தாப்புக் கூரை தகரமாயிற்று, இன்ன துரை நிலம் விட்டார், ஜப்பான்காரன் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தது என்று வரி வரியாக வரும். பின்னால் பெயர்ப் பட்டியல்: தலைமையாசிரியர்கள், அறங்காவலர்கள், நன்கொடை கொடுத்த குடும்பங்கள். வரலாற்று மாணவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் மலர் நூலகத்துக்குப் போவதில்லை. விழா முடிந்ததும் பரண் ஏறுகிறது; தோட்டம் விற்று வீடமைப்புப் பகுதியானபோது பரணும் போய்விடுகிறது.

சொற்களும் போகின்றன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புப் ‘பரேடு’, தமிழர் நாவில் ‘பெரட்டு’ ஆயிற்று; அது நடந்த இடம் பெரட்டுக்களம். ஆளுக்கு விட்ட மர வரிசை நிரை. பட்டையைச் சாய்வாகச் சீவ, பால் வழிந்து மங்கில் சேரும். வெயில் ஏறியதும் மங்குப் பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க, தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடப்பார்கள். மறுநாள் சீவும் முன் வெட்டுத் தடத்தில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். அதற்குத் தனி நிறுவை. கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில். மேற்பார்வைக்குத் தண்டல், கணக்குக்குக் கிராணி, எல்லாருக்கும் மேல் துரை. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு வேலை முறை, ஒரு படிநிலை, ஒரு கூலிக் கணக்கு இருக்கிறது. ரப்பர் போய் செம்பனை வந்து, செம்பனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்த பிறகு, இவற்றை வாயால் சொல்லத் தெரிந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் தாமான் வீடுகளின் முன்வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவற்றை எழுதிவைக்கும் வேலை தொடங்காமலும் இல்லை. ஜானகிராமன் மாணிக்கம் மலேசிய இந்தியரின் இக்கட்டைப் பற்றித் தமிழில் எழுதிய நூல் 2009இல் ஆங்கிலமாக வந்தது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு என்ற அந்தத் திசை கவனிக்க வேண்டியது. சுங்கை சிப்புட்டின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரான மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ் 2002இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில், வெளியேற்றத்தை எதிர்கொண்ட பேராக் தோட்ட மக்களின் பக்கத்தில் நின்றவரின் அனுபவம் இருக்கிறது. முரசு நெடுமாறன் நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டிய 1997ஆம் ஆண்டுக் களஞ்சியம், ஒரே மனிதர் எவ்வளவு சேர்க்க முடியும் என்பதற்குச் சான்று. அருணிமா தத்தா 2021இல் மலாயாத் தோட்டங்களின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றி எழுதிய நூல், புகார் மனுக்களிலும் வழக்குக் குறிப்புகளிலும் அந்தப் பெண்களின் குரலைத் தேடிப் பிடித்திருக்கிறது. அதே பெண்களின் மகள்களைப் பேட்டி எடுக்கத் தமிழ் தெரிந்தவருக்கு ஆவணக் காப்பகம்கூட வேண்டாம். ஒரு பிற்பகல் போதும்.

பேராக்கிலேயே அதற்கு ஆளும் இருக்கிறார்கள். தஞ்சோங் மாலிமில் 1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக இருக்கும் நிறுவனத்திலும், ஈப்போவின் ஆசிரியர் கல்விக் கழகத்திலும் தமிழாசிரியர் பயிற்சி பெறும் இளையோர் பலர் பழைய தோட்டக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். பரணில் மலர் இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கலாம். பாட்டி சொன்ன ஆண்டைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கலாம். எல்பில் பள்ளியில் ஒருவர், டோவன்பி பள்ளியில் ஒருவர், குளூனியில் ஒருவர் என்று தொடங்கினால், முதல் புத்தகத்துக்கு நூறு பக்கம் போதும். அதன் அட்டையில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும், லயத்து மக்கள் தங்களுக்குள் அதை அழைத்த தமிழ்ப் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகட்டும்.